கீபோர்டுச் சத்தமும் தஞ்சாவூர் வைத்தியரும்

(நம் குடியிருப்புப் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



கீழ்த்தள ஹாலில் பிள்ளைகள் சாயங்காலம் கீபோர்டு பழகுவதை நிறுத்தலாமா என்பது அடுத்த கூட்டத்தில் முடிவாகப் போகிறது. அதற்கு முன் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

லண்டன் புனித பவுல் பேராலயத்தில் ஆர்கன் வாசித்த ஜான் ஸ்டெயினர், பாடல்களும் இயற்றினார், இசை நூல்களும் எழுதினார். நம் பக்கத்தில் அப்படிப்பட்டவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். 1859-இல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். முதலில் ஆசிரியர், பிறகு சித்த வைத்தியர். நம் இசையோடு மேல்நாட்டு இசையையும் கற்றார். 96 கீர்த்தனைகள் இயற்றினார். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்வான்களை அழைத்துத் தம் செலவிலேயே மாநாடுகள் நடத்தினார். 1917-இல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய ‘கருணாமிர்த சாகரம்’ நூலை வெளியிட்டார். 1919-இல் காலமானார்.

அந்த நூலின் மையக் கேள்வியை நம் ஹால் கீபோர்டிலேயே பார்க்கலாம். ஒரு ‘ச’விலிருந்து மேல் ‘ச’ வரை வெள்ளையும் கறுப்புமாக எண்ணுங்கள்: 12 படிகள். ஒரு ஸ்தாயியில் 22 சுருதி என்று பல பண்டிதர்கள் சொல்லிவந்தார்கள். இவரோ, 12 சமபங்கு, அதை இரண்டிரண்டாகப் பிரித்தால் 24 என்றார். பங்குகள் சமமாக இருந்தால்தான் எந்தச் சுரத்தை ஆரம்பமாக வைத்தாலும் கணக்கு பிசகாது என்பது அவர் வாதம். சிலப்பதிகாரத்தையும் அதன் உரையையும் அதற்குச் சான்றாக எடுத்தார். 1916-இல் பரோடா இசை மாநாட்டுக்குப் போனபோது, அவர் குடும்பத்துப் பெண்கள் வீணையில் வாசித்துக் காட்டினார்கள். எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் தமிழிசையின் பழமையைப் பேசுகிறவர்கள் இன்றும் அந்த நூலைத் தேடிப் போகிறார்கள்.

கவனியுங்கள். அவர் பகலில் நோயாளிகளைப் பார்த்தவர். இசை அவருக்குச் சம்பளம் தந்த வேலை அல்ல. வீட்டிலேயே வாசித்து, வீட்டாரையும் வாசிக்கவைத்து வளர்த்த அறிவு அது.

ஷூ கம்பெனியில் இரவு ஷிப்ட் போகிறவர்கள் சாயங்காலம் தூங்க வேண்டும். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால் என் யோசனை இதுதான்: 6 மணி முதல் 7 மணி வரை மட்டும் பயிற்சி. ஹால் கதவு மூடியிருக்கட்டும். சத்தத்தைக் குறைத்து வைக்கட்டும். பரீட்சை நாட்களில் ஹெட்போன்.

நேரத்தைக் குறைப்போம், ஆனால் பயிற்சியை நிறுத்திவிட வேண்டாம். கூட்டத்துக்குத் தவறாமல் வாருங்கள்.