பார்த்து வரைதல்

(நமது கிளையின் குடும்ப விழாவில் ஆற்றிய உரை)

காலையில் நடந்த குழந்தைகள் ஓவியப் போட்டியில் நானும் ஒரு நடுவர். ஒரு பெண் குழந்தை நாதஸ்வரக் கச்சேரி வரைந்து, கீழே 'கோபுலு மாமா படத்தைப் பார்த்து' என்று எழுதியிருந்தாள். சொந்தக் கற்பனை இல்லை என்று ஒதுக்கிவிட்டோம். விதிப்படி சரிதான். ஆனால் மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் வரையக் கற்றதே அப்படித்தானே!

விகடனில் தொடராக வந்த 'தில்லானா மோகனாம்பா'ளை அப்பா பைண்டு செய்து வைத்திருந்தார். கொத்தமங்கலம் சுப்பு எழுத்து, கோபுலு படம். முதலில் எண்ணெய் தடவிய காகிதத்தை மேலே வைத்து டிரேஸ் எடுத்தேன். (பக்கமெல்லாம் எண்ணெய்க் கறையாகி அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.) உருவம் அச்சாக வந்தது, உயிர் வரவில்லை. பிறகு புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்து வரைந்தேன். அப்போதுதான் கேள்விகள் பிறந்தன. கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது? புடவைக் கொசுவத்துக்கு அவருக்கு நாலு கோடு போதும், எனக்கு ஏன் நாற்பது வேண்டியிருக்கிறது? தவில்காரர் தோளை அவர் ஒரே இழுப்பில் போட்டுவிடுகிறார். நான் நிறுத்தி நிறுத்திப் போட்டால் கோடு நடுங்குகிறது. அந்த ஒரு தோளுக்கே ஒரு நோட்டுப் புத்தகம் தீர்ந்தது.

அடுத்து சில்பியின் கோயில் படங்கள். தூணின் உருட்சியோடு பேனாக் கோடுகளும் வளைந்து போகும். வெளிச்சம் விழும் இடத்தில் காகிதத்தை அப்படியே வெறுமையாக விட்டிருப்பார். விடுவதுதான் கஷ்டம், கை சும்மா இருக்காது.

கோபுலுவுக்கு (1924-2015) குரு மாலி. அந்தப் பெயரே மாலி வைத்ததுதான். பின்னாளில் பக்கவாதத்தால் வலது கை முடங்கியபோது, இடது கையால் வரையப் பழகிக்கொண்டார் கோபுலு. நானும் ஒரு வாரம் இடது கையால் முயன்றேன். ஒரு வட்டம்கூட ஒழுங்காக வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி நாளில் ஒரு தடவை, பார்த்து வரைந்த படத்தின் கீழ் என் கையெழுத்தைப் போட்டுப் பரிசு வாங்கினேன். அந்தக் கோப்பையை வீட்டில் இன்றுவரை வெளியே எடுத்து வைத்ததில்லை.

அந்தக் குழந்தை இங்கே இருந்தால், கிளம்புவதற்கு முன் என்னைப் பார்க்கட்டும். தவில்காரர் தோள் என்னுடையதைவிட அவளுக்கு நன்றாக வந்திருக்கிறது. எப்படிப் போட்டாள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.