மேட்டுக் குளத்தின் கட்டு
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம் பேச வந்த இடத்தில் குளக்கட்டு என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். அந்தக் குளம் வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டியது. அதற்கு நேர் கீழே இரண்டு லயங்களும் பிள்ளை மடுவமும் இருக்கின்றன.

1986 ஏப்ரல் 20ஆந் திகதி விடியுமுன் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். நம்முடையது சின்னக் குளம் என்பார்கள். சின்னதுதான். ஆனால் மலையில் இறங்கும் தண்ணீர் மண்ணையும் கல்லையும் சேர்த்துக்கொண்டுதான் லயத்துக்கு வரும்.

மண்கட்டு பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் போகும். வான் அடைபட்டால் தண்ணீர் கட்டின் மேலால் பாய்ந்து அறுத்துவிடும். நம் வானில் இப்போது சவுக்குக் கிளையும் மானாப்புல்லும் அடைந்து கிடக்கின்றன. மற்றது வெளியில் தெரியாது. எலி வளை, முள்ளம்பன்றிப் பொந்து, உக்கிய வேர், துருசுக் குழாயின் ஓரம் இவற்றின் வழியே தண்ணீர் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். அடியில் கசிவது தெளிவாக, ஒரே அளவாக வந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கி வந்தாலோ, கூடி வந்தாலோ கட்டு கரைகிறது என்று அர்த்தம். அந்த நிமிஷமே கீழ் லயத்து ஆட்களை எழுப்ப வேண்டும். கசிகிற வாயைக் களிமண்ணால் அடைக்கப் போகாதீர்கள்; தண்ணீர் வேறு வழி பார்க்கும்.

ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் வைத்து வானைத் துப்புரவாக்கச் சொல்கிறது நிர்வாகம். முடியாது. குளத்துத் தண்ணீர் பெக்டரிக்குத்தானே போகிறது! கான் வெட்டுக்குப் பேர் போடுகிறவர்கள் இதற்கும் முழுப்பேர் போடட்டும்.

கட்டின் சரிவில் மரக்கறிப் பாத்தி வைத்திருக்கும் குடும்பங்களும் கோபிக்காமல் கேட்க வேண்டும். அந்த மண்ணைக் கொத்தக் கூடாது. பாத்திக்கு வேறு துண்டு நிலம் கேட்டு எழுதியிருக்கிறோம்.

2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2005இலும் 2011இலும் அங்கே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை கொடுத்தவர்கள் போய் இருக்க இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் நம் கடிதத்தில் இரண்டையும் சேர்த்தே கேட்டிருக்கிறோம்: மழைக்கு முன் பொறியியலாளர் வந்து பார்த்து, தமிழில் எழுத்து மூலம் அறிக்கை தர வேண்டும்; அடைமழை நாட்களில் இரண்டு லயத்தாரும் தங்கப் பாடசாலை மண்டபத்தைத் திறந்துவிட வேண்டும். பிரதிகள் பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் போயிருக்கின்றன.

பதில் வரும்வரை மழை இரவுகளில் நாமே முறை வைத்துக் கட்டைப் பார்க்கப் போகிறோம். கீழே, ஓரமாக நின்று பார்த்தால் போதும், தனியாக யாரும் போக வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. எல்லாக் காம்பராவிலும் எழுதி ஒட்டுங்கள். நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் ஆறு பேர் வேண்டும். மாதர் சங்கத் தலைவியிடம் கொப்பி இருக்கிறது.