ஆற்றங்கரைப் பலகை



ஒரு நாட்டின் வரலாற்றைத் தலைநகரத்து நூல்நிலையங்களில் மட்டும் தேடுவோர் பாதி வரலாற்றையே காண்பர். மறுபாதி சிற்றூர்ச் சாலையோரங்களில் நிற்கின்றது. பல இடங்களில் நிற்கவிடப்படாமலும் கிடக்கின்றது. நிற்பது எது, நில்லாதது எது, நட்டவர் யார், வீழ்த்தியவர் யார் என்னும் வினாக்களுக்கு விடை காண்போர்க்கே அம்மண்ணின் உண்மை புலனாகும். அதற்கு அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், மிசிசிப்பி மாநிலத்திலுள்ள தாலகாச்சிக் கோட்டம் ஒரு தக்க சான்று.

தாலகாச்சி என்பது ஓர் ஆற்றின் பெயர். சோக்தா என்னும் தொல்குடி மக்களின் மொழியில் அதற்குப் 'பாறை ஆறு' என்று பொருள். 1830-ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்றின் வாயிலாக அம்மக்களின் நிலம் பறிக்கப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் மேற்கே துரத்தப்பட்டனர். 1833-இல் அந்நிலத்தில் புதிய கோட்டம் அமைக்கப்பட்டது. துரத்தியவர்கள் ஆற்றின் பெயரை மட்டும் மாற்றவில்லை. பேசிய மக்கள் போனபின்னும் அவர்தம் மொழியின் இரு சொற்கள் அவ்வாற்றில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அக்கோட்டத்தின் முதல் வரலாற்றுப் பலகை அந்தப் பெயரே எனல் தகும்.

துரத்தப்பட்டோர் நிலத்தில் பருத்தி விளைந்தது. அதனை விளைவித்தவர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கருப்பின மக்கள். அடிமை முறை சட்டத்தால் ஒழிந்து தொண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்னும், 1955-இல், அக்கோட்டத்தில் பெரும்பான்மையராய் வாழ்ந்த கருப்பருள் ஒருவர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. வாக்காளரல்லாதார் வழக்குமன்றத்தில் நடுவர் குழுவில் அமர இயலாது. இச்செய்தியை மனத்திற் கொண்டாலன்றிப் பின் நிகழ்ந்தவை விளங்கா.

அவ்வாண்டு ஆகசுட்டுத் திங்களில் சிக்காகோ நகரத்திலிருந்து எம்மெட் தில் என்னும் பதினான்கு அகவைச் சிறுவன் விடுமுறைக்காக மிசிசிப்பிக்கு வந்தான். பாட்டனார் முறையினரான மோசு இரைட்டு என்னும் உழவரின் வீட்டில் தங்கினான். அருகிலிருந்த மனி என்னும் சிற்றூர்க் கடையில், கடைக்காரரின் மனைவியாகிய வெள்ளைப் பெண்ணிடம் முறைதவறி நடந்தான் என்று அவன்மேற் பழி சுமத்தப்பட்டது. ஆகசுட்டு 28-ஆம் நாள் நள்ளிரவு கழிந்தபின் இராய் பிரையண்டு, மைலம் என்னும் இருவர் வீடு புகுந்து அவனைத் தூக்கிச் சென்றனர். மூன்றாம் நாள் அவனுடல் தாலகாச்சி ஆற்றில் மிதந்தது. பருத்தி அரைவை ஆலையின் இரும்பு விசிறி ஒன்று முள்கம்பியால் கழுத்திற் கட்டப்பட்டிருந்தது. முகம் அடையாளம் காணவொண்ணாதவாறு சிதைக்கப்பட்டிருந்தது. விரலில் கிடந்த தந்தையின் கணையாழியே அவன் யாரெனக் காட்டிற்று.

உடலை அங்கேயே விரைந்து புதைத்துவிட அலுவலர்கள் முயன்றனர். தாய் மேமி ஒப்பவில்லை. மகனின் உடலைச் சிக்காகோவுக்கு வருவித்தார். பிணப்பேழையைத் திறந்தே வைக்கச் செய்தார். பல்லாயிரவர் வரிசையில் நின்று கண்டனர். 'செட்' என்னும் கருப்பின மக்களின் கிழமையிதழ் அம்முகத்தின் நிழற்படத்தை வெளியிட்டது. அந்தத் தாய் நட்ட கல் அது. எழுத்தில்லாக் கல்லாயினும் நாடு முழுதும் அதனைப் படித்தது.

செப்டம்பர் 19-ஆம் நாள் சம்னர் என்னும் ஊரின் வழக்குமன்றத்தில் உசாவல் தொடங்கியது. மோசு இரைட்டு எழுந்து நின்று, வெள்ளையர் நிறைந்த அவையில், தம் வீடு புகுந்தவர்களைக் கைந்நீட்டிக் காட்டினார். அந்நாளில் அவ்வூரில் அச்செயலுக்கு விலை உயிர் என்பதை அறிந்தே காட்டினார். பின்னர் அவர் ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது. பன்னிரு வெள்ளை ஆடவர் அடங்கிய நடுவர் குழு அறுபத்தேழு மணித்துளிகளில் இருவரையும் குற்றமற்றவர் என விடுவித்தது. ஒரு குற்றத்திற்கு இருமுறை வழக்கில்லை என்னும் சட்டத்தின் நிழலில், 1956 சனவரியில், அவ்விருவரும் ஓர் இதழினிடம் பணம் பெற்றுக்கொண்டு தாங்களே கொன்றதாக ஒப்புக்கொண்டனர். 1980-இல் ஒருவரும் 1994-இல் மற்றவரும் இயல்பாகவே இறந்தனர்.

இனிப் பலகைகளின் கதைக்கு வருவோம். சம்னர் வழக்குமன்றத்தின் முன் 1913 முதல் ஒரு நினைவுத்தூண் நின்றது. அஃது அடிமை முறையைக் காக்கப் போரிட்டுத் தோற்ற தென்னகப் படையினர்க்கு எழுப்பப்பட்டது. மிசிசிப்பி அரசு 1949 முதல் சாலையோரங்களில் வரலாற்றுப் பலகைகளை நடத் தொடங்கியது. ஆயினும் எம்மெட் தில்லின் பெயரைத் தாங்கிய ஒரு பலகைகூட ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அம்மாநிலத்தில் எழவில்லை. தோற்ற படைக்குத் தூண் இருந்தது. கொல்லப்பட்ட குழந்தைக்கு ஓர் எழுத்தும் இல்லை. மறதி தானே வருவதன்று. சிலரால் பேணி வளர்க்கப்படுவது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

2005-இல் ஒரு நெடுஞ்சாலைப் பகுதிக்கு அச்சிறுவனின் பெயர் இடப்பட்டது. அடுத்த ஆண்டே அப்பெயர்ப்பலகையின் மீது வெள்ளை வெறிக் கூட்டத்தின் மூன்றெழுத்து பூசப்பட்டது. அதே 2006-இல் தாலகாச்சிக் கோட்ட ஆட்சிக் குழுவின் முதற் கருப்பினத் தலைவரான செரோம் இலிட்டில் என்பாரின் முயற்சியால், கருப்பரும் வெள்ளையரும் கலந்த நினைவுக் குழு ஒன்று அமைந்தது. 2007 அக்தோபர் 2-ஆம் நாள், கொலையாளிகளை விடுவித்த அதே மன்றத்தின் முன்னே, முறை தவறியது என்று கோட்டத்தார் வெளிப்படையாக ஒப்பி வருத்தம் தெரிவித்தனர். அங்கே ஒரு பலகையும் நடப்பட்டது. 2008-இல் கோட்டமெங்கும் அவ்வரலாற்றைச் சொல்லும் பலகைகள் எழுந்தன.

அவற்றுள் ஒன்று, உடல் கரையேறிய இடமெனக் கருதப்படும் ஆற்றங்கரையில் நின்றது. அதனைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தனர். உடலை எறிந்த ஆற்றிலேயே அவ்வுடலைப் பற்றிய எழுத்தையும் எறிந்தனர்! இரண்டாம் பலகை நடப்பட்டது. அதன்மேல் ஆண்டுக்கணக்கில் துமுக்கியாற் சுட்டனர். எண்ணிப் பார்த்தபோது 317 குண்டுத் துளைகள் இருந்தன. 2018 சூனில் மூன்றாம் பலகை நடப்பட்டது. முப்பத்தைந்தாம் நாளே அதுவும் சுடப்பட்டது. துளைபட்ட பலகையருகே பல்கலைக் கழக மாணவர் மூவர் துமுக்கிகளுடன் காட்சி தரும் நிழற்படம் ஒன்று 2019-இல் வெளிவந்தது. கல்வி வெறியை அகற்றும் என நம்புவோர் அப்படத்தை ஒருமுறை காணவேண்டும்.

மனி ஊரின் கடை முன்னே 2011-இல் நடப்பட்ட பலகைக்கும் இந்நிலையே. 2017-இல் அதன் எழுத்தும் படமும் உரித்தெடுக்கப்பட்டன.

ஒரு தகட்டின்மேல் இத்துணைச் சினம் ஏன்? அறுபது ஆண்டுகட்கு முன் இறந்த சிறுவன் யாரை என்ன செய்வான்? சுட்டவர்கள் அஞ்சியது சிறுவனுக்கன்று, பெயருக்கு. நடுகல் எடுத்த தமிழர் இதனை நன்கறிவர். வீழ்ந்தவன் பெயரையும் ஊரையும், அவன் வீழ்ந்த கரணியத்தையும் கல்லிற் பொறித்தால் அவன் மீண்டும் சான்றுரைக்க வருகின்றான். பிறர்க்குச் சொல்லப்படாத குற்றம் பழைய செய்தியாய்த் தேய்ந்துவிடும். சாலையோரத்தில் எழுதப்பட்ட குற்றமோ நாள்தோறும் வழிப்போக்கரை நிறுத்தும். வழிப்போக்கருள் கொன்றவனின் பேரனும் இருப்பான். அவனும் படிக்க நேரும். அதனாலேயே தகட்டின்மேல் குண்டு பாய்ந்தது.

நினைவுக் குழுவினர் என்ன செய்தனர்? துளைபட்ட பலகையைக் குப்பையில் எறியவில்லை. 317 துளைகளுடைய அந்தத் தகடு 2021-இல் வாசிங்டன் நகரத்து அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. மறைக்கச் சுட்டவர்களின் குண்டே வெறி மாளவில்லை என்பதற்கு எழுத்தாயிற்று. ஆற்றங்கரையிலோ 2019 அக்தோபரில் நான்காம் பலகை நடப்பட்டது. அது குண்டு துளைக்காத எஃகினால் ஆனது. ஏறத்தாழ 227 கிலோ எடையுள்ளது. நான்கு முறை நட்டவர்களின் உறுதிக்கு அவ்வெடை ஈடன்று.

2022-இல் இனவெறிக் கும்பற்கொலையைக் கூட்டரசுக் குற்றமாக்கும் சட்டம் எம்மெட் தில்லின் பெயரால் நிறைவேறியது. அவன் பிறந்து எண்பத்திரண்டு ஆண்டுகள் நிறைந்த 2023 சூலை 25-ஆம் நாள், அந்த ஆற்றங்கரையும், சம்னர் வழக்குமன்றமும், சிக்காகோவில் இறுதிச் சடங்கு நிகழ்ந்த கோயிலும், மகன் பெயரோடு தாய் பெயரையும் தாங்கிய நாட்டு நினைவிடமாக அறிவிக்கப்பட்டன. கொலைக்கு ஒறுப்பு இன்றுவரை இல்லை. இனி இருக்கவும் வழியில்லை. பலகை அறமன்று. ஆயினும், அறம் கிடைக்கவில்லை என்பதை மறக்கவிடாமல் நிற்பது அது.

பெருமக்களே! அரசு நட்டால்தான் வரலாறு என்று காத்திருந்திருந்தால் தாலகாச்சிக் கோட்டத்தார் இன்றும் காத்துக்கொண்டே இருப்பர். ஊரார் முன்வந்தனர், தம் ஊரின் இழிவையே தம் ஊர் வாயிலில் எழுதி வைத்தனர். பெருமையை எழுதி வைப்பது எளிது. எந்த ஊராரும் செய்வர். தம் தவற்றை எழுதி வைத்து, அதனை வீழ்த்த வருவோரை எதிர்கொண்டு, வீழ்ந்த பின்னும் மீண்டும் நடுவது அரிது. ஆற்றில் எறிந்தால் அடுத்த பலகை. சுட்டால் அதற்கடுத்த பலகை. அங்கே நாளை மீண்டும் எவரேனும் சுடலாம். ஐந்தாம் பலகையை நடக் கைகள் இருக்கும்வரை அச்சிறுவனின் பெயர் அவ்வாற்றங்கரையில் நிற்கும்.