கலைக்குழுவுக்கு ஒரு கூரை



பிழைப்புத் தேடி வந்து குடியேறிய மக்கள் தங்கள் ஆட்டத்தையும் பாட்டையும் கூடவே கொண்டுவருகிறார்கள். அந்தக் கலைகளை வளர்க்க அரசு பொதுப்பணத்தைத் தர வேண்டுமா? தருவதென்றால் எப்படித் தர வேண்டும்? பிரிட்டன் அரை நூற்றாண்டாக இதில் தட்டுத்தடுமாறி நடந்திருக்கிறது. அந்த அனுபவத்தை இன்று கொஞ்சம் எடைபோட்டுப் பார்ப்போம்.

1976-ல் நசீம் கான் என்ற எழுத்தாளர் ஓர் அறிக்கை வெளியிட்டார். தந்தை இந்தியர், தாய் ஜெர்மானியர். நாடகத்தைப் பற்றி எழுதி வந்தவர். அறிக்கையின் பெயரே 'பிரிட்டன் கண்டுகொள்ளாத கலைகள்'. இந்தியர், வங்கதேசத்தவர், சீனர், சைப்ரஸ்காரர், கரீபியர் என்று பல சமூகங்களிலும் கலை செழிப்பாகவே இருந்தது என்று அவர் எழுதினார். ஒத்திகைக்கு நல்ல இடம் கிடையாது, செலவோ சொந்தக் கைக்காசு. அதிகாரிகள் இவற்றை இனநல்லுறவு விவகாரமாகப் பார்த்தார்களே ஒழியக் கலையாகப் பார்க்கவில்லை. இவை பிரிட்டனுக்கு வெளியே இருந்து வந்த வேடிக்கைப் பொருள்கள் அல்ல, பிரிட்டனின் கலைகளே என்று நசீம் கான் அடித்துச் சொன்னார். அந்த ஒரு வரிக்காகவே அவரை நான் வணங்குகிறேன்.

அதே ஆண்டு ஜூன் மாதம், லண்டன் சவுத்தாலில் குர்தீப் சிங் சாகர் என்ற 18 வயது மாணவர் இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டார். அந்தக் கோபத்திலும் துயரத்திலும் பிறந்ததுதான் 'தாரா ஆர்ட்ஸ்' நாடகக் குழு. தார் எஸ் சலாமில் பிறந்து, நைரோபியில் வளர்ந்து, பதின்பருவத்தில் பிரிட்டன் வந்த ஜதிந்தர் வர்மாவும் நண்பர்களும் அதைத் தொடங்கினார்கள். 1977-ல் அவர்கள் முதலில் மேடையேற்றியது தாகூரின் 'விசர்ஜன்'. பதிலுக்குக் கல்லெறியாமல் தாகூரை எடுத்தார்களே, அது சாதாரண மனத்திடம் இல்லை. 1990-ல் வர்மா லண்டன் தேசிய நாடக அரங்கில் பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியரின் 'தார்த்துஃப்' நாடகத்தை இந்திய மேடை மரபில் இயக்கினார்.

தாராவின் அந்த வளர்ச்சிக்குத் திறமை மட்டும் காரணம் இல்லை. 1980களிலேயே லண்டன் ஏர்ல்ஸ்ஃபீல்டில் அவர்களுக்கென்று ஒரு கட்டடம் அமைந்துவிட்டது. ஒத்திகை பார்க்க, உடைகளை வைக்க, அடுத்த தலைமுறையைப் பழக்க ஓர் இடம். அந்தக் கட்டடம் 2016-ல் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தபோது, அரங்கத்தின் தரையை மண் தரையாகவே அமைத்திருந்தார்கள்.

கூரை கிடைக்காதவர்களின் கதை வேறு. 1972-ல் தொடங்கிய கறுப்பினத்தவர் நாடகக் குழு 'டெம்பா'. 1990களின் தொடக்கத்தில் மானியம் நின்றது, குழுவும் கலைந்தது. இவோன் பிரூஸ்டரும் தோழிகளும் லண்டன் பெருநகர மன்றத்தின் உதவியோடு 1986-ல் தொடங்கிய குழு 'தலாவா'. அவர்களுடைய முதல் நாடகம் சி.எல்.ஆர். ஜேம்ஸ் எழுதிய 'கறுப்பு ஜாக்கபின்கள்'. அந்த ஆண்டே பெருநகர மன்றம் ஒழிக்கப்பட்டது. தலாவா தாக்குப்பிடித்தது, ஆனால் சொந்த அரங்கம் கட்டும் திட்டம் கைநழுவிப் போனது. இடம் இடமாக மாறி, கடைசியில்தான் குரோய்டன் ஃபேர்ஃபீல்டு ஹால்ஸில் நிலைகொண்டது. இத்தனை ஆண்டு அலைச்சலில் அந்தக் குழு எழுதவேண்டியிருந்த நாடகங்கள் எத்தனை எழுதப்படாமல் போயிருக்கும்!

1986-ல், அரசுப் பணத்தைக் கலைகளுக்குப் பங்கிட்டுத் தரும் ஆர்ட்ஸ் கவுன்சில், தன் செலவில் 4 சதவீதத்தைக் கறுப்பின, ஆசியக் கலைகளுக்கு ஒதுக்க இலக்கு வைத்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனாலும் ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கிற மானியத்தில் ஒரு குழு வேரூன்றாது. நிகழ்ச்சி முடிந்ததும் நடிகர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். கற்றதைச் சேர்த்துவைக்க ஆள் இருக்காது. ஐந்தாண்டுக்குக் கணக்கு போட முடிந்தால்தான் ஒரு குழு துணிந்து புதியதைச் செய்யும்.

துணிச்சல் என்ன தரும் என்பதற்கு நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஷோபனா ஜெயசிங். சென்னையில் பிறந்த பரதக் கலைஞர். 1988-ல் அவருடைய ஆட்டத்துக்காகப் பிரிட்டிஷ் இசையமைப்பாளர் மைக்கேல் நைமன் இசை எழுதினார். நைமனின் இரண்டாவது ஸ்ட்ரிங் குவார்ட்டெட் (நான்கு நரம்புக் கருவிகளுக்கான இசை) என்று உலகம் அறிந்திருப்பது அந்த இசைதான். நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, ஒன்பது என்று நம் தாளக் கணக்கே அதன் எலும்புக்கூடு. பரதநாட்டியத்தைக் குடியேறியவர்களின் திருவிழாச் சடங்கு என்று ஒதுக்கியிருந்தால், மேற்கத்திய இசைக்கு அந்தச் செல்வம் சேர்ந்திருக்காது.

லண்டனில் இன்றும் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளின் அரங்கேற்றம் பெற்றோரின் சேமிப்பில்தான் நடக்கிறது. அவர்களில் கலையையே வாழ்வாகக் கொள்ள விரும்புகிறவர்கள் மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது, அதைப் படிக்கிறவர் யார் என்பதையும் நாம் கேட்க வேண்டும். தேர்வுக் குழுவில் ஜதி தெரிந்த ஒருவராவது உட்கார வேண்டும். நல்ல நட்டுவாங்கத்தையும் சுமாரான நட்டுவாங்கத்தையும் அவரால்தான் பிரித்துச் சொல்ல முடியும். சுமாரானதற்கு மானியம் கூடாது என்று மறுக்கும் உரிமையும் அவருக்குத்தான் உண்டு.