இரண்டு பழைய தள்ளுவண்டிகள்

(ஜூபிலி விழாவையொட்டிப் பாடற்குழுவினரும் பெற்றோரும் கூடிய மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இன்று நாம் உங்களுக்கு ஒரு பாடகியின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் ஜோன் ஆர்மட்ரேடிங். மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட் கிட்ஸ் என்று ஒரு சிறு தீவு உண்டு. அந்நாளில் அது ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அதன் தலைநகரான பாஸ்டேரில் 1950ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் அவர் பிறந்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் இங்கிலாந்தில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், குடியேற்ற நாட்டு மக்கள் அங்கே சென்று வாழ வழிவிட்டது. தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினர். பிள்ளைகளைப் பாட்டிமாரிடம் விட்டுச் சென்றவர்கள் பலர். ஜோனுக்கு மூன்று வயதானபோது அவருடைய பெற்றோரும் பர்மிங்காம் நகருக்குப் போனார்கள். சிறுமியோ ஆன்டிகுவா தீவில் பாட்டியிடம் வளர்ந்தாள். 1958இல், ஏழு வயதில்தான், தாய் தந்தையரோடு மீண்டும் சேர்ந்தாள். இடைப்பட்ட அந்த ஆண்டுகள் ஒரு குழந்தைக்கு எவ்வளவு நீண்டவை என்பதைப் பெற்றோராகிய நீங்கள் அறிவீர்கள்.

தந்தை இளமையில் இசைக்குழுவில் வாசித்தவர். வீட்டில் அவருடைய கித்தார் இருந்தது. ஆனால் மகள் அதைத் தொடக்கூடாது என்று ஒளித்து வைத்துவிட்டார். தாய் ஒரு பியானோ வாங்கினார். அதுவும் கூடத்துக்கு அழகான சாமானாயிருக்கும் என்றுதான்! ஆசிரியர் எவருமின்றி மகள் அதில் தானே பழகினாள். பின்னர் ஒருநாள் அடகுக்கடையில் ஒரு கித்தாரைக் கண்டாள். விலை மூன்று பவுண்டு. தாயிடம் அதற்குப் பணமில்லை. வீட்டில் இரண்டு பழைய குழந்தைத் தள்ளுவண்டிகள் இருந்தன. கடைக்காரர் அவற்றை மாற்றாக ஏற்றுக்கொண்டால் நீ கித்தாரை வாங்கிக்கொள்ளலாம் என்றார் தாய். கடைக்காரரும் ஏற்றுக்கொண்டார்.

அதன்பின் பாதை எளிதாகிவிட்டதா? இல்லை. குடும்பத்துக்கு உதவுவதற்காகப் பதினைந்து வயதில் பள்ளியை விட்டார். வேலைக்குக் கித்தாரையும் கொண்டுபோய்த் தேநீர் இடைவேளையில் வாசித்தார், வேலை போயிற்று! பிறகு 'ஹேர்' என்னும் இசை நாடகக் குழுவில் சேர்ந்தார். கயானாவிலிருந்து வந்திருந்த பாம் நெஸ்டர் என்ற பெண்ணை அங்கே சந்தித்தார். இருவரும் சேர்ந்து பாடல்கள் எழுதினர். 1972இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. ஆனால் உறையில் ஜோனின் பெயர் மட்டுமே இருந்தது. தோழியரின் கூட்டு நிலைக்கவில்லை. புகழ் வரும்போது உடனுழைத்தவரின் பெயர் மறைந்துபோவது எங்கும் நடக்கிறது. நமது பாடற்குழுவிலும் இதை நாம் மறக்கலாகாது.

1976இல் அவருடைய 'லவ் அண்டு அஃபெக்ஷன்' என்ற பாடல் இங்கிலாந்தின் முதல் பத்துப் பாடல்களுள் ஒன்றாயிற்று. பதினைந்தில் பள்ளியை விட்டவர், கச்சேரிகளுக்கிடையே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று 2001இல் வரலாற்றில் பட்டம் பெற்றார். 2023இல் அவர் இயற்றிய முதல் சிம்பொனி லண்டனில் அரங்கேறியது.

இவ்வளவுக்கும் காரணம் திறமைதானே என்பீர்கள். திறமை இருந்தது, உழைப்பும் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் ஒரு கித்தார் ஒளித்து வைக்கப்பட்டது. இன்னொரு கித்தார் தள்ளுவண்டிகளுக்கு ஈடாக வந்து சேர்ந்தது. அந்தத் தாய்க்கு இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. மகளின் முகத்தைப் பார்க்கத் தெரிந்திருந்தது, அது போதும்.

இங்கே நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தந்தை கித்தாரை ஒளித்த கதையைப் படித்தபோது நமக்கு நம் அங்கிப் பை நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள் என்று ஆர்மோனியப் பெட்டியைப் பூட்டித் திறவுகோலை இத்தனை ஆண்டுகளாக அதில்தான் வைத்திருந்தோம். ஒருமுறை ஒரு சிறுமி வந்து, "சாமி, கொஞ்சநேரம் வாசித்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். "திருவிழா முடியட்டும், பார்க்கலாம்" என்றோம். திருவிழா முடிந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை. நாமும் அழைக்கவில்லை.

ஆகவே பெற்றோர்களே, உங்களை விலையுயர்ந்த கருவிகள் வாங்கச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் பயனற்றுக் கிடப்பது எது, உங்கள் பிள்ளை ஏங்கி நிற்பது எதற்காக என்று ஒருமுறை பாருங்கள். நம் பங்கிற்கு, வரும் ஞாயிறு முதல் ஆர்மோனியப் பெட்டிக்குப் பூட்டு இராது. இதோ, திறவுகோலைப் பாடற்குழுத் தலைவியிடம் கொடுத்துவிட்டோம்.