உழவு இயந்திரத்தின் ஹைட்ரோலிக் எண்ணெயை மாற்றுதல்

(கமக்காரர் வகுப்பொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



காலபோகச் சேற்றுழவு முடிந்ததும் நம்மிற் பலர் செய்வது யாது? இரும்புச் சில்லுகளைக் கழற்றி, உழவு இயந்திரத்தை வாய்க்காலில் இறக்கிக் கழுவி, கொட்டிலில் விட்டுவிடுகிறோம். எஞ்சின் எண்ணெயை மாற்ற மறவாதவரும், இருக்கைக்குக் கீழேயுள்ள பெரிய கூட்டினுள் இருக்கும் எண்ணெயைப் பற்றி எண்ணுவதில்லை. கலப்பையைத் தூக்குவது அந்த எண்ணெயே. அதனை எப்பொழுது, எவ்வாறு மாற்றவேண்டும் என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

கலப்பையை மூன்று முனைகளிற் பொருத்தி, எண்ணெயின் அழுத்தத்தால் தூக்கும் முறையை உழவு இயந்திரங்களில் நிலைபெறச் செய்தவர் ஹரி பெர்குசன் என்பார். நம் வயல்களில் ஓடும் மாசி பெர்குசன் 135, 240 ஆகியவை அவ்வழி வந்தவை. இவற்றில் கியர்களுக்கு வேறு, தூக்கிக்கு வேறு என்று எண்ணெய் இல்லை. ஒரே எண்ணெயே கியர்களை நனைக்கிறது. அதனையே உள்ளே மூழ்கியிருக்கும் பம்பி உறிஞ்சி, உருளையினுள் தள்ளி, தூக்கு கைகளை உயர்த்துகிறது. ஆகவே, கியர்ப் பற்களிலிருந்து தேய்ந்து விழும் இரும்புத் தூளும், வெளியிலிருந்து புகும் நீரும் பம்பியையே சென்றடைகின்றன. இருசில்லு உழவு இயந்திரம் வைத்திருப்போர்க்கு இத்தூக்கி இல்லையாயினும், கியர் எண்ணெயில் நீர் புகுவது பற்றி நான் கூறுவது அவர்க்கும் பொருந்தும்.

நீர் எவ்வாறு புகுகிறது? சேற்றில் உழும்போது வைக்கோலும் புல்லும் பின் அச்சிற் சுற்றிச் சீலை அறுத்துவிடுகின்றன. அறுந்த சீல் வழியே எண்ணெய் வெளியேறும். சேற்று நீர் உட்செல்லும். மற்றொரு வழியும் உண்டு. நாள் முழுதும் உழுது சூடேறிய இயந்திரத்தைக் குளத்திலோ வாய்க்காலிலோ இறக்கினால், கூடு சட்டெனக் குளிர்கிறது. உள்ளேயிருக்கும் காற்றுச் சுருங்குகிறது. அச்சுருக்கம், நீரில் மூழ்கிய துளை எதுவாயினும் அதன் வழியே நீரை உள்ளிழுக்கும். இயந்திரத்தை ஆறவிட்டு, கரையில் நிறுத்தி, வாளியால் நீரூற்றிக் கழுவுங்கள்.

நான் போதனாசிரியனாகப் பணியேற்ற முதலாண்டில் செய்த பிழையொன்றை மறைக்க விரும்பவில்லை. கமக்காரர் ஒருவர் தம் இயந்திரத்தின் அளவுகோலை எடுத்துக் காட்டினார். எண்ணெய் மேற்குறிக்கும் மேலே நின்றது. ஒரு போகம் உழுதும் எண்ணெய் குறையவில்லை என அவர் மகிழ்ந்தார். நானும் நன்று என்றேன். ஊற்றாத எண்ணெய் எவ்வாறு பெருகும் என்று நான் கேட்டிருக்கவேண்டும். பெருகியது நீர். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்தபோது, கலப்பையைத் தூக்கமாட்டாது இயந்திரம் முனகி நின்றது. மூன்று மாதம் கொட்டிலில் நின்றபோது நீர் பம்பியின் வால்வுகளைத் துருப்பிடிக்கச் செய்திருந்தது. வாடகை இயந்திரத்துக்குக் காத்திருந்து, அயலார் விதைத்துப் பத்து நாட்களின் பின்னரே அவர் விதைத்தார். கடைசித் தண்ணீர் அவர் பயிருக்குப் போதவில்லை.

அன்றுமுதல் அளவைப் பார்ப்பதோடு நிறத்தையும் பார்க்கிறேன். நல்ல எண்ணெய் தெளிந்திருக்கும். நீர் கலந்தது பாற்றேநீர் போலிருக்கும். ஐயமாயின், பழைய தகரத்துண்டொன்றை நன்கு சூடாக்கி, ஒரு துளி விட்டுப் பாருங்கள். முகத்தைச் சற்று விலக்கிக்கொள்க. நீர் இருந்தால் படபடவெனப் பொரியும். (வீட்டுத் தோசைக்கல்லில் இதைச் செய்துவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்.)

எண்ணெய் மாற்றும் காலத்தை இயந்திரத்தின் கைநூல் மணிக்கணக்கிற் கூறும். நீர் கலந்த எண்ணெய்க்கு அக்கணக்கு இல்லை. சேற்றுழவு முடிந்ததும், இயந்திரத்தை நிறுத்தி வைக்குமுன்னரே மாற்றுங்கள். அடுத்த போகத் தொடக்கத்தில் மாற்றலாம் என்று விடுவதே துருவுக்கு இடங்கொடுப்பது. சீல் பழுதெனில் அதை முதலில் மாற்றவேண்டும். இல்லையேல் புதிய எண்ணெயும் ஒரு கிழமையில் வெளுத்துவிடும்.

அரை மணி நேரம் ஓட்டி எண்ணெயை இளஞ்சூடாக்குங்கள். சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கலப்பையைக் கழற்றி, தூக்கு கைகளை முற்றாகத் தாழ்த்துங்கள்; உயர்ந்திருந்தால் உருளையினுள் பழைய எண்ணெய் தங்கிவிடும். தூக்கிய கலப்பையின் கீழ் எக்காரணத்தாலும் புகவேண்டாம். கூட்டின் அடியில் வடிப்பு நட்டு ஒன்றுக்கு மேல் இருக்கும். கியர்ப்பெட்டியின் கீழுள்ளதை மட்டும் கழற்றிப் பின் அச்சின் கீழுள்ளதை மறந்துவிடுவோர் பலர். நீர் தங்கும் தாழ்வான இடம் எதுவோ அங்கேயுள்ள நட்டே முக்கியமானது. 135 இல் ஏறக்குறைய 30 லீற்றர் வரும். போதிய பாத்திரம் வைத்துக்கொள்க. நட்டில் மெல்லிய தூள் ஒட்டியிருந்தால் அஞ்சவேண்டாம். நகத்தில் தட்டுப்படும் இரும்புத் துண்டு இருந்தால் கியரைப் பரிசோதிப்பியுங்கள்.

பம்பியின் வடியையும் கழுவவேண்டும். அது அடைபட்டால் புதிய எண்ணெயிலும் பம்பி முனகும். மண்ணெண்ணெயில் வடியைக் கழுவி உலர்த்தலாம். ஆனால், கூட்டினுள் மண்ணெண்ணெய் ஊற்றி அலசாதீர்கள். மூலைகளில் தங்கி அது புதிய எண்ணெயை நீர்க்கச் செய்யும். எண்ணெய் மிகவும் வெளுத்திருந்தால், அதே வகைப் புதிய எண்ணெயை நிரப்பி, சிறிது வேலை செய்து, மறுபடியும் வடித்துவிடுவதே வழி. இருமுறைச் செலவு கசப்பானதுதான். பம்பியின் விலை அதனினும் கசப்பானது.

எண்ணெயை வாங்குமுன் கைநூலிற் குறித்த வகையைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். கெட்டி எண்ணெய் கியருக்கு நன்று என்று தடித்த கியர் எண்ணெயை ஊற்றுவோர் உளர். பம்பியால் அதனை உறிஞ்ச இயலாது. தடுப்பு எண்ணெயினுள் இயங்கும் புதிய மாதிரிகளுக்கு அதற்கெனவுள்ள எண்ணெயே வேண்டும். தூசியற்ற புனலால் ஊற்றி, எஞ்சினை இயக்கி, கைகளைப் பலமுறை ஏற்றியிறக்கிய பின், அவற்றைத் தாழ்த்தி எஞ்சினை நிறுத்தி அளவை மீண்டும் பாருங்கள்.

வடித்த எண்ணெயை வேலிக்கரையிலும் வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே அது கிணற்றுக்கு இறங்கும். மூடியுள்ள தகரப் பீப்பாவில் சேர்த்துவைத்து, கழிவெண்ணெய் எடுப்போரிடம் கொடுங்கள். மாற்றிய நாளையும் மணிக்கணக்கையும் இருக்கைக்குக் கீழே சிறு தகட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை நான் வரும்போது அத்தகட்டைக் கேட்பேன்.