நீதிமன்றம் கேட்க மறுப்பவை



பட்டமளிப்பு மேடையில் நீதி, தர்மம், தேசம் என்று பெரிதாகப் பேசுவது மரபு. எனக்கு அது கைவராது. என் தொழில் பெரும்பாலும் அமர்வு நீதிமன்றங்களிலேயே கழிந்தது. அங்கே நாள் முழுக்க நடப்பது சில்லறைச் சண்டைதான். இந்தக் காகிதத்தைச் சான்றாவணமாகக் குறியீடு செய்யலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்குச் சாட்சி பதில் சொல்லலாமா, கூடாதா? அந்தச் சண்டையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இங்கே வந்திருக்கும் பெற்றோர்களில் பலருக்கு நீதிமன்றம் என்றால் திரையில் பார்த்ததுதான். 1952-இல் வந்த 'பராசக்தி'யில் சிவாஜி கணேசன் கூண்டில் நின்று பேசியது இன்றும் பலருக்கு மனப்பாடம். அதில் சட்டக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு வேடிக்கை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் தம் வழக்கில் தாமே சாட்சியாக ஏறி, சத்தியம் செய்து சொல்ல அந்த ஆண்டில் நம் சட்டம் இடம் தரவில்லை. 1955-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அந்த உரிமை வந்தது. ஆகவே சிவாஜியின் குணசேகரன் பேசியது சட்டப்படி சாட்சியமே இல்லை, வெறும் விளக்கம். தமிழ்நாடுதான் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டது.

ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் 2024 ஜூன் 30 வரை நம்மை ஆண்டது. மறுநாள் முதல் பாரதிய சாக்ஷிய அதிநியம். 167 பிரிவுகள் 170 ஆயின. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே எண்கள் மாறியதால் பழையதையும் புதியதையும் சேர்த்து மனப்பாடம் செய்த தலைமுறை நீங்கள். உள்ளே இருக்கும் சரக்கில் பெரும்பகுதி ஸ்டீபன் வைத்ததுதான். வழக்கில் முடிவு செய்ய வேண்டிய பொருண்மைகளுக்கும், அவற்றோடு தொடர்புடையவை என்று சட்டமே வகுத்த பொருண்மைகளுக்கும் சாட்சியம் தரலாம், வேறெதற்கும் கூடாது. ஊர் முழுக்கச் சொன்னாலும் செவிவழிச் செய்தி கூடாது. 'இவன் முன்பே திருடியவன்' என்பதும் பொதுவாகக் கூடாது.

இந்தத் தடைகளில் ஒன்று மட்டும் வெளியாட்களுக்குப் புரிவதே இல்லை. காவல் அதிகாரியிடம் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அதை அவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது. பழைய 25-ஆம் பிரிவு, இன்று 23(1). 'அவனே ஒத்துக்கொண்டான், பிறகு என்ன?' என்று டீக்கடையில் கேட்பார்கள். சொன்னது முழுக்க உண்மையாகவே இருக்கலாம். அப்போதும் கூடாது.

இதற்கான காரணம் நம் மண்ணில் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்க 1854-இல் ஓர் ஆணையம் அமைத்தார்கள். எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் அதில் இருந்தார்கள். 1855-இல் அறிக்கை வந்தது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் குடிமக்களை என்னென்ன செய்தார்கள் என்பதை அது விவரிக்கிறது. விரல்களைக் கட்டைகளுக்கு இடையில் வைத்து நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கயிற்றால் கட்டி அப்படியே விட்டுவைக்கும் அண்ணாந்தாள் என்று நம் பெயர்களே அந்த ஆங்கில அறிக்கையில் இருக்கின்றன. 1861-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் காவலரிடம் தந்த ஒப்புதலுக்குத் தடை விதித்தார்கள். 1872-இல் அது சாட்சியச் சட்டத்துக்குள் வந்தது. அந்த ஓர் அறிக்கைதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சட்டம் எழுதியவர்கள் அறியாமல் எழுதவில்லை. இது பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு 2020-இல் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவலில் இருந்தபோது இறந்தது நினைவுக்கு வரட்டும்.

கதவைச் சாத்திய சட்டம் அதிலேயே ஒரு திட்டிவாசலும் வைத்தது. அதுதான் பழைய 27-ஆம் பிரிவு. இன்று 23-ஆம் பிரிவின் கடைசியில் சேர்த்திருக்கிறார்கள். காவலில் இருப்பவர் தந்த தகவலால் ஒரு பொருண்மை கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புடைய பகுதியை மட்டும் மெய்ப்பிக்கலாம். ஆள் எவ்வளவு குனிந்து நுழைய வேண்டும் என்று அளந்து சொன்னது புலுக்குரி கோட்டய்யா வழக்கு. சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன வழக்கு அது; சர் ஜான் போமாண்ட் எழுதிய தீர்ப்பு, 1947-இன் சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. வைக்கோல் போரில் ஈட்டியை ஒளித்து வைத்ததாக ஒருவர் சொல்லியிருந்தார். ஈட்டி கிடைத்துவிட்டது, ஆகவே அதைக் குறித்துச் சொன்ன எல்லாமே உள்ளே வரலாம் என்றது அரசு தரப்பு. பிரிவி கவுன்சில் ஒப்பவில்லை. கூரையில் ஒளித்த கத்தியை எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்லி, கத்தி கிடைத்தால், அங்கே கண்டுபிடிக்கப்பட்டது கத்தி அல்ல; கத்தியை மனிதன் எப்போதோ கண்டுபிடித்துவிட்டான். அந்த இடத்தில் அது ஒளிந்திருக்கிறது, அது இவருக்குத் தெரியும் என்பதுதான் கண்டுபிடிப்பு. 'அதால்தான் இன்னாரைக் குத்தினேன்' என்று சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்தத் துண்டு வெளியே நிற்க வேண்டும்.

எவ்வளவு தெளிவான தீர்ப்பு! ஆனால் நம் காவல் நிலையங்களில் எழுதும் வாக்குமூலங்களை எடுத்துப் பாருங்கள். மதுரைக்காரர் சொன்னாலும் தருமபுரிக்காரர் சொன்னாலும் கடைசி வரி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்த இடத்தை அடையாளம் காட்டி எடுத்து ஆஜர்படுத்துகிறேன். முன்பின் பார்த்திராத இருவர் ஒரே நடையில் பேசினால் அது அவர்களுடைய நடையாக இருக்காது, எழுத்தருடைய நடை. அப்புறம் கைப்பற்றுதல் மகஜர். அதில் கையெழுத்துப் போட்டவர் நீதிமன்றத்துக்கு வந்து, 'ஸ்டேஷனில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள்' என்று பிறழ்சாட்சி ஆவார். பல வழக்குகள் இப்படித்தான் கரைகின்றன. உண்மைக் குற்றவாளியும் அதே வழியில் வெளியே போகிறான். அதையும் சொல்லியாக வேண்டும். தடையை மீறி எழுதிய காகிதம் பறிகொடுத்தவருக்கும் நியாயம் செய்வதில்லை.

இன்னொரு வழக்கம் நம் மாநிலத்தின் தனிச்சொத்து. குற்றம் செய்தவர் நேராகக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். வி.ஏ.ஓ. காவல் அதிகாரி இல்லை, ஆகவே அந்தத் தடை அவரைத் தொடாது. சரி. ஆனால் முன்பின் அறிமுகமில்லாத வி.ஏ.ஓ.விடம் ஒருவர் ஏன் மனம்திறக்க வேண்டும்? நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கின்றன. குறுக்கு விசாரணையில் நீங்களும் கேளுங்கள்.

சொல்லைப் பொறுத்தவரை இவ்வளவு கறாராக இருக்கும் சட்டம் பொருளைப் பொறுத்தவரை தாராளமாக இருக்கிறது. சட்டத்துக்குப் புறம்பான சோதனையில் எடுத்த ஆவணமானாலும் வழக்குக்குத் தொடர்புடையதாக இருந்தால் ஏற்கலாம் என்பதே பூரண்மல் வழக்கு முதல் நம் உச்ச நீதிமன்றத்தின் நிலை. அமெரிக்காவில் 1961-இன் மேப் வழக்குக்குப் பிறகு மாநில நீதிமன்றங்களிலும் அப்படிப்பட்ட சான்றுகளை ஒதுக்குகிறார்கள். நாமோ, 2010-இன் செல்வி வழக்கில், ஒருவரின் சம்மதமின்றி நார்கோ சோதனை செய்யக் கூடாது என்றோம். வாயைத் திறக்க ஊசி கூடாது. பீரோவை உடைத்தால் மட்டும் பரவாயில்லை என்பது எனக்கு ஒப்புதலான நிலை அல்ல. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் சொன்ன பிறகு இது நெடுநாள் நிற்கக்கூடாது என்பது என் கட்சி. என்னோடு வாதிட விரும்புகிறவர்கள் தேநீர் இடைவேளையில் வரலாம்.

இனி ஆவணங்கள். மூலமா, படியா என்ற வழக்கு நம்மிடம் பழையது. பெரிய புராணத்தில் சுந்தரரின் மணப்பந்தலுக்கு வந்த கிழவர், 'நீ எனக்கு அடிமை' என்று ஓலை நீட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் கிழவர் சொல்வது என்ன? கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது. அவையோரும் உடனே நம்பிவிடவில்லை. அந்த ஓலையை எழுதிக் கொடுத்ததாகச் சொன்ன சுந்தரரின் பாட்டனாருடைய கையெழுத்து உள்ள வேறோர் ஓலையை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தே முடிவுக்கு வருகிறார்கள். வழக்காடியவர் இறைவன் என்பதற்காக நடைமுறையைத் தளர்த்தாத சேக்கிழார், 12-ஆம் நூற்றாண்டில் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். அவருக்கு அவை நடைமுறை தெரிந்திருக்கிறது.

இதே மூலம்-படி சிக்கல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் வரை போனது, 2003-இல் தீர்ப்பான ஆர்.வி.ஈ. வேங்கடாசலக் கவுண்டர் வழக்கு. விசாரணையில் ஒளிப்படிகளைக் குறியீடு செய்தபோது எதிர்த்தரப்பு வாய் திறக்கவில்லை. பிறகு மேல்முறையீட்டில் ஆட்சேபித்தது. ஆவணமே சட்டப்படி ஏற்கத்தகாதது என்றால் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். மெய்ப்பிக்கும் முறை சரியில்லை என்றால் குறியீடு செய்யும் அந்த நேரத்திலேயே சொல்ல வேண்டும் என்றது நீதிமன்றம். அப்போதே சொன்னால்தான் எதிர்த்தரப்பு மூலத்தைக் கொண்டுவந்து குறையைச் சரிசெய்துகொள்ள முடியும். அந்த வாய்ப்பைப் பறித்துவிட்டுப் பின்னால் லாபம் பார்ப்பது வழக்கறிஞர் தொழிலுக்கு அழகல்ல.

இன்று ஓலைக்குப் பதில் செல்பேசி. வாட்ஸ்அப் செய்தி, சிசிடிவி காட்சி எதுவானாலும் படியாகக் கொண்டுவந்தால் சான்றிதழ் வேண்டும் என்பதை 2014-இல் அன்வர் வழக்கும், 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கும் உறுதி செய்தன. பின்னதில் தனியாக ஒத்த தீர்ப்பு எழுதியவர் நம் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். புதிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு சான்றிதழை இரண்டு பகுதிகளாக்கி, கோப்பை அடையாளம் காட்டும் ஹாஷ் மதிப்பும் கேட்கிறது. முதல் பகுதியைத் தரப்பினர் நிரப்ப வேண்டும், இரண்டாவதை வல்லுநர். சிறு ஊரில் கடன் தகராறில் ஒரு குரல்பதிவை மட்டும் நம்பி வரும் கட்சிக்காரருக்கு வல்லுநரை எங்கே தேடுவது? சட்டம் எழுதியவர்கள் இதை இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

கடைசியாக, புத்தகத்தில் இல்லாத ஒரு சங்கடம். இந்தத் தடைகளில் பல ஜூரி முறையோடு வளர்ந்தவை. நீதிபதி காகிதத்தைப் பார்த்து, தகாதது என்றால் ஜூரியின் கண்ணில் படாமல் ஒதுக்கிவிடுவார். நம்மிடம் ஜூரி இல்லை. ஒதுக்குகிறவரும் தீர்ப்புச் சொல்கிறவரும் ஒரே ஆள். ஒப்புதல் வாக்குமூலம் முழுவதும் வழக்குக் கட்டுக்குள் இருக்கும். ஏற்கத்தக்க பகுதிக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருக்கும். அடிக்கோடு இல்லாத பத்தியைக் கண் தாண்டிவிடுமா? ஆகவே விசாரணை அதிகாரி கூண்டில் ஏறி, 'எதிரி ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தார், அதில்...' என்று தொடங்கும்போதே எழுந்திருங்கள். ஏற்கத்தக்க வரிகளை மட்டும் தனியே பிரித்துக் குறியீடு செய்யக் கேளுங்கள். உங்கள் ஆட்சேபம் பதிவானதா என்று சாட்சிய நகலில் பாருங்கள். கைது நேரம், வாக்குமூல நேரம், மகஜர் நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்த இடம் போலீசுக்கு முன்பே தெரியுமா என்பதில் குறுக்கு விசாரணையைத் தொடங்குங்கள். அரசு வழக்கறிஞராகப் போகிறவர்கள் இதே வேலையை நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன்பே, குற்றப்பத்திரிகையைச் சரிபார்க்கும் மேசையில் செய்யலாம்.